சப்தோயோ சூரியனைப் பார்த்த கதை

நடப்பது என்றாலே சப்தோயோவுக்கு எட்டிக்காய். எதிர்வீட்டில் தீப்பெட்டி வாங்கப் போனாலும் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டுதான் போவான். வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கும் ஜீப்தான். கடவுள் காலை எதற்குக் கொடுத்தார் என்று யாராவது கேட்டால், "ஒண்ணு கிளட்சுக்கு, ஒண்ணு பிரேக்குக்கு" என்பான்.

ஜீப்புக்கு அவனைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. ஒரு காலத்தில் நீல நிறம். புகைக்குழாய் இரண்டு தடவை கழன்று விழுந்து, இரண்டு தடவையும் தோட்டத்து வேலிக் கம்பியால் கட்டப்பட்டது. அதிலிருந்து அது கிளம்பினால் ஊரே புரண்டு படுக்கும். போவது சப்தோயோ என்று தெரிந்துகொள்ள யாரும் ஜன்னலைத் திறக்க வேண்டியதில்லை.

புரோமோ எரிமலையைச் சுற்றி இருக்கிற டெங்கர் ஊர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. பகலில் முட்டைக்கோஸும் கிழங்கும்; விடிவதற்கு முன்னால் சுற்றுலாக்காரர்கள். விடுதி விடுதியாகப் போய் அவர்களை எழுப்பி, போர்த்தி, ஜீப்பில் திணித்து, கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டிக்கொண்டுபோய் பெனாஞ்சக்கான் உச்சிக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் இடது பக்கம் சூரியன் வரும், எதிரே புரோமோ புகைந்துகொண்டிருக்கும், அதற்கும் பின்னால் செமேரு மலை நிற்கும். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் அதைப் பார்த்து வாய் பிளப்பார்கள்.

சப்தோயோவின் மைத்துனன் பைமான் மட்டும் நடைக் கட்சி. அவனும் ஆட்களைக் கூட்டிப் போகிறவன்தான். ஆனால் குறுக்குப் பாதையில், கையில் விளக்கோடு, காலால் நடத்தியே கூட்டிப் போவான். சுள்ளி மாதிரி உடம்பு. சப்தோயோவை எங்கே கண்டாலும் வம்புக்கு இழுப்பான்.

"மாப்ளே, உன் ஜீப்புல வர்றவனும் சந்தைக்குப் போற கோஸும் ஒண்ணுதான். ரெண்டும் ஏறின இடமும் தெரியாம இறங்கின இடமும் தெரியாம வருது."

"கோஸு திரும்பி வந்து அடுத்த வருசம் என்னையே கூப்புடுதே மச்சான். உங்கூட நடந்தவன் எவனாவது ரெண்டாந்தடவ வந்திருக்கானா?"

வந்ததில்லை. அதனால் பைமானுக்கு இன்னும் எரிச்சல்.

மேலே போகும் வழியில் சப்தோயோ பேசுவான் பாருங்கள், அதற்காகவே அவனைத் தேடி வருகிறவர்கள் உண்டு. "மொதல்ல ஒரு செவப்புக் கோடு. கத்தியால கீறின மாதிரி. அப்புறம் மேகம் பால் பொங்குற மாதிரி பொங்கும். சிலருக்கு அழுக வரும், வந்தா அடக்காதீங்க." கேட்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும்.

இதில் ஒரே ஒரு சங்கதி. அவன் அதைப் பார்த்ததே இல்லை. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து சூரியனைப் பார்க்கிற மேடைக்குப் படிக்கட்டு இருக்கிறது. படிக்கட்டு என்றால் ஏற வேண்டும். ஆட்களை மேலே அனுப்பிவிட்டு, இருக்கையைச் சாய்த்து, குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கழுத்தில் கிடக்கிற சாரத்தை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு ஒரு தூக்கம் போட்டால், அவர்கள் கண்ணாடியைத் தட்டும்போதுதான் விழிப்பான். திரும்பும் வழியில் அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்வான். கத்தியால் கீறியது ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னது. பால் பொங்கியது சுரபாயா டீச்சர் ஒருத்தி. அழுகை, ஒரு டச்சுக் கிழவர். இப்படி ஊரார் கண்ணை எல்லாம் கடன் வாங்கி, வருஷக்கணக்காக ஒரு சூரியனை உதிக்கவைத்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலிருந்து பார்த்தால் கிழக்கை மலை மறைக்கும். அங்கே சூரியன் வருவதற்குள் ஊரே பாதி வேலையை முடித்திருக்கும்.

விஷயம் யாருக்கும் தெரியாது. மனைவி ருமியாத்திக்கும் தெரியாது.

மகள் வெனிங்கை மலாங் நகரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சம்பந்தியம்மாள் ஒருமுறை வந்தவள், சப்தோயோவின் ஜீப்பில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு நாள் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஊருக்குப் போன பிறகு, அடுப்புக்கு முன்னால் குளிர் காய்ந்தபடி ருமியாத்தி ஆரம்பித்தாள்.

"வெனிங் அப்பா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"சம்பந்தியம்மாகிட்ட. நான் எத்தன தடவ மேல போய்ப் பாத்திருக்கேன்னு கேட்டாங்க. அதுக்கெல்லாம் கணக்கே இல்லன்னேன்."

சப்தோயோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எங்கெங்கிருந்தோ வர்றவளையெல்லாம் முன்சீட்டுல உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போறீங்க. என்னைய கோஸு மூட்டையோட சந்தைக்குத்தான் ஏத்தியிருக்கீங்க. எனக்கும் பாக்கணும்."

பைமான் அப்போது காப்பி குடித்துக்கொண்டு அங்கேதான் இருந்தான். இப்படி ஒரு வாய்ப்பை அவன் விடுவானா?

"எங்கூட வா தங்கச்சி. நான் நடத்திக் கூட்டிட்டுப் போறேன். ஜீப்புக்காரன் பொண்டாட்டி நடந்து போனாள்னு ஊரும் கொஞ்சம் சிரிக்கட்டும்."

"சரிண்ணே" என்றாள் ருமியாத்தி. பிறகு கணவனைப் பார்த்தாள். "காரோ திருவிழா முடியிறதுக்குள்ள கூட்டிட்டுப் போனா ஜீப்பு. இல்லேன்னா அண்ணனோட நடை. அப்புறம் இந்தப் பேச்சே உங்ககிட்ட எடுக்க மாட்டேன்."

கடைசி வார்த்தைதான் சப்தோயோவைக் குத்தியது. ருமியாத்தி சண்டை போட்டால் சமாளிக்கலாம். ஒன்றை இனிமேல் கேட்கவே மாட்டேன் என்று அவள் சொன்னால், கேட்கவே மாட்டாள். காரோ நடுவில் ஒரு நாளைக் குறித்து, அன்றைக்கு வந்த ஆட்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அங்கேதான் தப்பு செய்தான். காரோ வந்தால் எங்கள் பக்கம் யார் வீட்டுக்கு யார் போனாலும் சாப்பிட்டுத்தான் வெளியே வர வேண்டும். எத்தனை வீடு போனாலும் அத்தனை வீட்டிலும். வயிறு நிறைந்துவிட்டது என்பதெல்லாம் செல்லாது. வேண்டாம் என்று எழுந்து போனால், அந்த வீட்டோடு உறவே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். இந்தச் சட்டத்துக்கு ஊரிலேயே பெரிய காவல்காரன் சப்தோயோதான். போன காரோவில் அவசரமாக வாசலைக் கடந்த தபால்காரர் ஹர்சோனோவின் மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மூன்று தட்டு சோறு போட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தான்.

குறித்த நாளில் இருட்டோடு கிளம்பினார்கள். ருமியாத்தி கல்யாணத்துக்குப் போகிற மாதிரி புதுச் சாரம் போர்த்தி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஜீப் உறுமியது. மேல்தெருவில் முதல் வீட்டுக் கதவு திறந்தது.

"யாரு, சப்தோயோவா?" கார்மி அக்கா கரண்டியோடு நடுத்தெருவில் நின்றாள். விருந்தாளிகளுக்காக அப்போதே அடுப்பு மூட்டியிருந்தாள். "காரோ அதுவுமா என் வீட்டத் தாண்டிப் போறியா? இறங்கு."

"அக்கா, சூரியன் வந்துரும்."

"வரட்டும். அதுக்கும் ஒரு தட்டு போடுறேன்."

மக்காச்சோளச் சோறு, மணத்தக்காளிக் கீரை, கருவாடு, கோழி. ருமியாத்திக்குக் கொஞ்சமாகவும் அவனுக்குக் குவித்தும் வைத்தாள். அவசர அவசரமாக விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தான். அடுத்தது கோயில் பூசாரி வீடு. அவரிடம் மறுப்பு சொல்ல முடியுமா? அங்கேயும் சோறு, கோழி, மேலே மந்திரம் வேறு. அதற்கு அடுத்த வீட்டு வாசலில் ஹர்சோனோ பல் தெரியச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

சப்தோயோ பேசாமல் ஜீப் சாவியைக் கொடுத்தான். மூன்று தட்டு. ஒரு பருக்கைகூடக் குறையவில்லை.

வெளியே வந்தபோது வானம் லேசாக வெளுத்திருந்தது. ருமியாத்தி முன்கண்ணாடி வழியாக மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரின் கடைசி வீடு பைமானுடையது. நடுரோட்டில் தட்டோடு நின்றான்.

"நடந்து வந்திருந்தா பின்பக்கப் பாதையில சத்தமில்லாம போயிருக்கலாம்ல? உன் வண்டி ஊரையே எழுப்பி விருந்துக்கு வந்திருக்கேன்னு சொல்லுது. இறங்கு மாப்ளே. ஒரே ஒரு தட்டு."

சப்தோயோ தட்டைப் பார்த்தான். கிழக்கைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே இறங்குவதற்காகக் கதவில் கை வைத்துவிட்டாள். இனி ஆகாது என்று தெரிந்த முகம்.

"முடியாது மச்சான்."

"என்னது?"

"சாப்பிட மாட்டேன்னு சொல்றேன். வழிய விடு."

பைமான் ஆடிப்போய்விட்டான். காரோவில், பெண் கொடுத்த வீட்டுச் சோற்றை, அதுவும் சப்தோயோ! ருமியாத்திக்கும் தூக்கிவாரிப்போட்டது. "வெனிங் அப்பா, என்ன பேசுறீங்க?" என்றாள். அதற்குள் ஜீப் பைமானைச் சுற்றிக்கொண்டு வளைவில் ஏறிவிட்டது. சப்தோயோ வண்டியை நிறுத்தவில்லை.

நிறுத்த வேண்டியதும் இல்லை. உச்சிக்கு நான்கைந்து வளைவுகள் இருக்கும்போது வண்டி தானாகவே நின்றது. விடுமுறைக் கூட்டம். கீழூர் ஜீப்புகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி மலை முழுக்க நின்றன. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. டிரைவர்கள் இறங்கி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் ருமியாத்தி.

சப்தோயோ சுற்றிலும் பார்த்தான். சாலைக்கு இடது பக்கம் மரங்கள் இல்லாத ஒரு வெட்டவெளி. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. வானம்தான்.

"கூரை மேல ஏறு" என்றான்.

யாராவது கூரையில் ஏறினால் நசுங்கும் என்று கத்துகிறவன் அவன். ருமியாத்தி அவன் தோளில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். அவன் பின்னால் ஏறப்போன நேரத்தில் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பைமான். குறுக்குப் பாதையில் ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். தட்டு அவன் கையிலேயே இருந்தது, மேலே சாரத்தால் மூடி.

"சாப்பிடு. ஒரு வாயாவது சாப்பிடு. இல்லேன்னா என் வீட்டுப் படி சாமி ஏறாது."

"பாத்தியா, நடந்து வந்தவன் மொதல்ல வந்துட்டான்" என்று சொல்லக்கூடப் பைமானுக்கு அப்போது தோன்றவில்லை. கண் கலங்கியிருந்தது. சப்தோயோ தட்டை வாங்கிக்கொண்டு கூரையில் ஏறினான். பைமானும் ஏறினான். தட்டு காலியாகிறதா என்று பார்க்கத்தான்.

அப்போது வந்தது. கோடும் இல்லை, கத்தியும் இல்லை. மேகத்துக்கு அடியில் யாரோ அடுப்பை ஊதினாற்போல் ஒரு வெளிச்சம் பரவி, புரோமோவின் புகை மஞ்சளாகி, செமேருவின் தலை சிவந்து, எல்லார் முகமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. சப்தோயோவின் வாயில் சோறு அப்படியே நின்றது. இதைப் பற்றித்தானா இத்தனை நாள் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ருமியாத்தி அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"இதையா தினமும் பாத்துட்டு வீட்டுக்கு வந்தீங்க?"

அவன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தான்.

"இத்தன வருசம். ஒரு நாளாவது எங்கிட்ட வந்து இது இப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லத் தோணலையா? வெளியூர்க்காரங்ககிட்ட எல்லாம் அப்படிப் பேசுறீங்களாம், சம்பந்தியம்மா சொன்னாங்க. எங்கிட்ட கிழங்கு அழுகினத மட்டுந்தானே சொன்னீங்க."

குரல் உடைந்திருந்தது. சப்தோயோ கணக்குப் போட்டான். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். உண்மையைச் சொன்னாலோ, பக்கத்தில் பைமான் உட்கார்ந்திருக்கிறான். பொழுது சாய்வதற்குள் ஊரே சிரிக்கும், அப்புறம் எவன் அவன் ஜீப்பில் ஏறுவான்? வாயில் இருந்த சோற்றை விழுங்கினான்.

"நானும் இன்னிக்குத்தான் ருமி பாக்கறேன்."

"என்னது?"

"படி ஏறணும்ல. நான் ஏறினதே இல்ல. கீழயே படுத்துத் தூங்கிருவேன். பேசினதெல்லாம் மேல போயிட்டு வந்தவங்க சொன்னது."

பைமானின் வாய் மெல்ல அகன்றது. ஒரு ஆயுசுக்குப் போதுமான தீனி கிடைத்த மகிழ்ச்சி அவன் முகத்தில் பரவியது. ருமியாத்தி கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கூரை நெளிந்தது. சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பி இவளைப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாப்ளே," என்று ஆரம்பித்தான் பைமான், "இத மட்டும் நான் போயி..."

"அண்ணே." ருமியாத்தி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "இது ஊருக்குள்ள ஒருத்தர் காதுல விழுந்துச்சுன்னாலும், வர்ற காரோவுக்கு உன் வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

பைமானின் வாய் மூடிக்கொண்டது. ருமியாத்தி கணவன் கையிலிருந்த தட்டை வாங்கி, மிச்சமிருந்ததைத் தான் தின்ன ஆரம்பித்தாள். சப்தோயோவுக்கும் சூரியன் நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.