விண்ணரசி டீச்சரின் வகுப்பில் நாற்பது நிமிஷம்

பாபநாசத்தில் நான் அறிவியல் எடுக்கும் தனியார் பள்ளியில் போன வருஷம் ஒரு புது ஏற்பாடு வந்தது. ஒரு ஆசிரியரின் வகுப்பில் இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துப் படிவம் எழுதித் தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? வகுப்புப் பக்கமே போகாமல், ஸ்டாஃப் ரூமில் டீ குடித்தபடி ஒருவர் படிவத்தில் ஒருவர் 'மிக நன்று' போட்டுக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மனசாட்சின்னு ஒண்ணு வேணாமாய்யா?" என்று கத்திவிட்டு, எனக்கு ஒதுக்கியிருந்த விண்ணரசி டீச்சரின் வகுப்புக்கு நிஜமாகவே போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

விண்ணரசி டீச்சர் தமிழாசிரியை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கணவர் ஜேசுராஜ் தவறி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சான்ட்ரா நர்சிங் கடைசி வருஷம். அவள் படிப்பு முடிகிறவரை இந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

அன்று அவர் பாடம் எடுத்ததை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. செய்யுள், உரை, பயிற்சிக் கேள்வி எல்லாம் மனப்பாடம். உரைநடை வந்ததும், "வானதி, நீ வாசிம்மா" என்று பிள்ளையை எழுப்பிவிட்டார். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே, பேசியது யார் என்று குரலை வைத்துப் பெயர் சொன்னார். வெளியே வந்ததும், "குறை இருந்தா சொல்லுங்க சார்" என்றார். முகம் வியர்த்திருந்தது.

"குறையா? உங்ககிட்டயா? போங்க டீச்சர்!"

பார்த்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதினேன். புத்தகம் தேவைப்படாத புலமை, மாணவரை வாசிக்க வைக்கும் உத்தி. அதைப் படித்த எங்கள் தாளாளர் ஆண்டனிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தை மாதம் நாலு பள்ளி ஆசிரியர்களைக் கூப்பிட்டு, விண்ணரசி டீச்சரை மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார். டீச்சர் தனக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "கூச்சப்படாதீங்க" என்று தைரியம் சொன்னவன் நான்தான்.

அன்று பக்கத்து வயலில் அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வந்திருந்த பயிற்சியாளர், பாடநூலில் இல்லாத ஒரு பத்தியை அச்சடித்துக் கொண்டுவந்து டீச்சர் கையில் கொடுத்தார். டீச்சர் உடனே வானதியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை வேணாம், நீங்களே வாசிங்க. உங்க உச்சரிப்ப இவங்க கேக்கணும்" என்றார் பயிற்சியாளர்.

டீச்சர் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முன் பெஞ்சிலிருந்து வானதி எழுந்து வந்தாள். தலைகீழாக இருந்த தாளை நேராகத் திருப்பி டீச்சர் கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

சர்க்கரை இரண்டு கண்ணையும் தின்றிருந்தது. ஒரு வருஷமாக நோட்டுத் திருத்தியதெல்லாம் சான்ட்ரா. "ஏப்ரல் வரைக்கும் விடுங்க சார்" என்று டீச்சர் கெஞ்சியிருக்கிறார். தாளாளர் கேட்கவில்லை. திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். நான் அவர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர் என் நாலு பக்கத்தையும் எடுத்து மேஜைமேல் போட்டார்.

"பாத்துட்டுத்தானே எழுதுனீங்க, தியாகேசன்?"

வெளியே வந்தேன். பஸ் ஸ்டாப்பில் டீச்சர் தனியாக நின்றிருந்தார். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றேன். அப்போதும் கோபமாகத்தான் வந்தது. என்மேல் இருந்த கோபம் அது.

"எப்படி சார் சொல்வேன்? நீங்க உக்காந்திருந்த நாப்பது நிமிஷமும் கண்டுபிடிச்சிடுவீங்களோன்னு செத்துப் பொழைச்சேன். நீங்க கண்டுபிடிக்கல. இனி யாருக்கும் தெரியாது, சான்ட்ரா படிச்சு முடிச்சிடுவான்னு மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தினேன் சார்."

ஒரு பஸ் வந்து நின்றது. டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"போர்டு என்னன்னு பாத்துச் சொல்லுங்க சார். இனி கேக்கறதுக்கு என்ன வெக்கம்?"

"கும்பகோணம்" என்றேன். படியைக் காலால் தடவி அவர் ஏறினார்.