டம்ளர் கழுவுகிறார்

காலை ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதியம் இரண்டு வரைக்கும் அவளுக்கு ஒரே வேலைதான். அடுத்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சம்பளமில்லாமல் செய்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இவளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும், வித்தியாசம் அவ்வளவுதான்.

வீடு என்றால் அந்தத் தொலைக்காட்சி வீடு. பதினைந்து பேரை உள்ளே விட்டுப் பூட்டிவிடுவார்கள். நூறு நாள், எழுபது கேமரா. வாரம் ஒருத்தரை ஜனங்கள் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்புவார்கள். போன வருஷம் வரைக்கும் சாதாரண ஆட்கள்தான் போனார்கள். பார்க்கிற கூட்டம் குறைந்ததும் இந்தத் தடவை எல்லாம் பிரபலங்கள் என்று அறிவித்தார்கள். பெரிய பிரபலம்! மார்க்கெட் உள்ளவன் எவன் நூறு நாள் பூட்டிக்கொண்டு கிடப்பான்? ஒரு காலத்துக் கதாநாயகி, முட்டி போன பந்து வீச்சாளர், வேலை போன செய்தி வாசிப்பாளர், பத்து வருஷமாகப் புதுப்பாட்டு எதுவும் வராத ஒரு பாடகர், இப்படித்தான் இருந்தது அந்தப் பட்டியல்.

வீட்டுக்குப் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஒரு ஹால். சுவர் முழுக்கத் திரைகள். ஏசி குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். அங்கே அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நேரம், கேமரா எண், ஆள், செயல் என்று நாலு கட்டத்தையும் நிரப்பிக்கொண்டே இருப்பாள். '9.12, கேமரா 14, கதாநாயகி, தலை வாருகிறார்.' '9.15, கேமரா 14, கதாநாயகி, இன்னும் வாருகிறார்.' அங்கே அவளுக்குப் பெயர் பதிவக்கா.

அவள் மேஜைக்கு எதிரே ஒரு தாள் ஒட்டியிருக்கும். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. கோபமாக இருக்கிறார் என்று எழுதக்கூடாது, கதவை அறைந்து சாத்துகிறார் என்றுதான் எழுத வேண்டும். கண்ணில் தண்ணீர் தெரிந்தால் மட்டும்தான் அழுகிறார் என்று போடலாம். காரணம் இருக்கிறது. எழுபது கேமராவின் படத்தையும் உட்கார்ந்து பார்க்க எந்த எடிட்டருக்கும் ஆயுசு போதாது. அவர்கள் அந்தப் பதிவில் ஒரு சொல்லைத் தட்டித் தேடுவார்கள். சண்டை வேண்டுமென்றால் கத்துகிறார், சோகம் வேண்டுமென்றால் அழுகிறார். அவள் எழுதாதது அந்த வீட்டில் நடக்கவே இல்லை.

அவளுக்கு இந்த வேலை சுலபமாக வந்தது. இதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சொல்லச் சொல்ல டைப் அடித்தவள். அங்கேயும் அப்படித்தான். மூச்சு நின்ற நேரத்தைப் போடுவார்கள். வாசலில் யார் விழுந்து புரண்டார்கள் என்று ஒருவரும் எழுதச் சொல்லமாட்டார்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் புருஷன் போய்விட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், டிபன் கேரியரின் மேலடுக்கைக் காலி பண்ணிவிட்டு இரண்டாவதைத் திறக்கும்போது அப்படியே சாய்ந்துவிட்டார். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து ஹாலில் கிடத்தினார்கள். கூட வேலை பார்த்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கேரியரை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனாள். மூன்று அடுக்குச் சாப்பாட்டைக் கொட்டிவிட்டுக் கழுவ ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம். ஹாலில் அவர் தங்கை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், வந்தவர் போனவர் எல்லாம் அழுதார்கள், இவள் நாலாவது அடுக்கின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறமும் அழுகை வரவில்லை. தும்மல் மூக்கு வரைக்கும் வந்துவிட்டுப் போய்விடுமே, அப்படிச் சில நாள் வரும், போய்விடும். வலி என்று சொல்லவும் முடியாது. கை கால் எல்லாம் இருந்தன, சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. எல்லாம் யாருடையதோ மாதிரி இருந்தது.

அவளுக்கு ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம். அப்பா செல்லம். பாவி மனுஷி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அத்தை சொன்னதை அந்தப் பெண் முதலில் மறுத்தாள், பிறகு மறுக்கவில்லை, பிறகு அவளே சொன்னாள்.

"அப்பாவைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. நீ பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்தே. எனக்கு அதுதாம்மா கண்ணுலயே நிக்குது."

"கேரியர் அழுக்கா இருந்துச்சு."

"அதான் உன் பதிலா?"

அதுதான் அவளிடம் இருந்த பதில். மகள் அத்தை வீட்டோடு போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. அங்கிருந்தே படித்துக்கொள்வாளாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அத்தை கார் எடுத்துக்கொண்டு வருவாள். போகாதே என்று சொல்ல வேண்டும், அதுவும் அழுது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அழுதால்தானே. அழாமல் போகாதே என்று சொன்னால், கதவைச் சாத்திவிட்டுப் போ என்று சொல்வது மாதிரி இருக்கும்.

அந்த வாரம் புதன்கிழமை, பாடகரைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் வருகிற குரல் சொன்னது: உங்கள் அப்பா காலமாகிவிட்டார், காரியங்கள் முடிந்துவிட்டன, உங்கள் அண்ணன் நீங்கள் உள்ளேயே இருக்கட்டும் என்கிறார். பாடகர் சரி என்று தலையாட்டினார். அம்மா சாப்பிட்டாங்களா என்று கேட்டார். எழுந்து வெளியே வந்தார். மற்ற எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். கதாநாயகி அழுத அழுகையில் ஒப்பனையெல்லாம் கழுத்துக்கு இறங்கிவிட்டது. பாடகர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று சாயங்காலமே ஊர் முழுக்க அதே பேச்சு. கல்நெஞ்சுக்காரன், பெற்ற அப்பனுக்கு அழாதவன் ஓட்டுக் கேட்கிறான் என்று திட்டித் தீர்த்தார்கள். மகள் சோபாவில் படுத்துக்கொண்டு போனில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை மாதிரியே ஒரு ஆளு" என்றாள், நிமிராமல்.

மறுநாள் வியாழன். பதினொன்று பத்துக்குப் பாடகர் சமையலறைக்கு வந்தார். கேமரா 31. குழாயைத் திறந்து ஒரு டம்ளரைக் கழுவினார். அவளும் எழுதினாள், டம்ளர் கழுவுகிறார். 11.13, டம்ளர் கழுவுகிறார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார், மறுபடி எடுத்தார். 11.19, அதே டம்ளரைக் கழுவுகிறார். உள்ளே விரலை விட்டு அடியைத் தேய்த்தார். ஒரு கறையும் இல்லை, திரையில் பளபளவென்று தெரிந்தது. ஹெட்போனில் தண்ணீர்ச் சத்தம், அதற்குள்ளே மூச்சுச் சத்தம். பக்கத்து நாற்காலிப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தாளு டம்ளரைத் தேய்ச்சே ஓட்டையாக்கிடுவாரு போல" என்றாள். 11.34 ஆயிற்று. முகம் சுவரைப் பார்த்திருந்தது, முதுகு மட்டும்தான் தெரிந்தது.

கண்ணீர் தெரியவில்லை. தாள் எதிரேயே ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே டைப் அடித்தாள்: 11.34, கேமரா 31, பாடகர், அழுகிறார். கை தானாக அடித்தது, அவள் அதைத் தடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் பார்க்காத ஒன்றை அவள் எழுதியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டதென்று எடிட்டர் பாடகர் பெயரையும் அந்தச் சொல்லையும் போட்டுத் தேடியிருக்கிறார். ஒன்றே ஒன்று சிக்கியது. போட்டுப் பார்க்க ஏது நேரம்? 'உடைந்தார் பாடகர்! இன்று இரவு!' என்று வயலின் இசையோடு வீட்டின் வாசலைக் காட்டிக் காலையிலிருந்து ஓட்டிவிட்டார்கள். படத்தைத் திறந்து பார்த்தபோது ஒரு முதுகும் ஒரு டம்ளரும் இருந்தன. ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு காட்டாமல் விட முடியுமா? இரண்டு நிமிஷம் அப்படியே காட்டினார்கள். ஊர் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது.

சனிக்கிழமை காலை மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். இளைஞர்தான், பாவம், ராத்திரி முழுக்கத் திட்டு வாங்கிய முகம்.

"அக்கா, எங்கக்கா அழுறாரு?"

"அந்த டம்ளர்ல, தம்பி."

"டம்ளர் தெரியுது. கண்ணீர் தெரியலையே."

"எனக்கும் தெரியல."

"அப்புறம் ஏன்க்கா எழுதினீங்க? நீங்களா இப்படி?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "அழுதாரு தம்பி" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "திங்கள்லேர்ந்து வர வேணாம்க்கா. மேலேர்ந்து சொல்லிட்டாங்க." அவள் சரி என்றாள். ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வருத்தம் வரும் என்று வாசல் வரைக்கும் மெதுவாக நடந்து பார்த்தாள், அதுவும் வரவில்லை.

அன்றைக்கு மேடையில் பாடகர் வெளியேற்றப்பட்டார். மகள் ஹாலில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். தொகுப்பாளர் வாய் சும்மா இருக்காத மனுஷன், நிகழ்ச்சியின் மானத்தைக் காப்பாற்ற ஜோக்கடித்தார்.

"எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் நீங்க டம்ளர் கழுவினதை அழுகிறார்னு எழுதிட்டாங்க சார். கண்ணாடி மாத்தச் சொல்லியிருக்கோம்."

கூட்டம் சிரித்தது. பாடகர் சிரிக்கவில்லை. "அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். கூட்டம் அதற்கும் கைதட்டியது, அவர்கள் எதற்கும் தட்டுவார்கள். உள்ளே மடித்துக்கொண்டிருந்தவளின் கையில் ஒரு தலையணை உறை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. மகள் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

ஞாயிறு காலை பத்தரைக்கெல்லாம் இரண்டு பெட்டியும் ஒரு துணிப்பையும் வாசலில் தயாராக இருந்தன. அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். மகள் வந்து கதவில் சாய்ந்தாள்.

"அதை எழுதினது நீயா?"

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதம்மா. அந்த டம்ளர்."

"ஆமா."

"வேலை?"

"போச்சு."

மகள் வாசலுக்குத் திரும்பிப் போனாள். துணிப்பையைக் கிண்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் அப்பாவின் கேரியர் இருந்தது. எடுத்துப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அலமாரியில் இல்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. பார்ப்பதே தொழிலாக வைத்திருந்தவள்.

மகள் அதைத் தொட்டிக்குள் வைத்தாள். "அழுக்கா இருக்கு" என்றாள்.

சுத்தமாகத்தான் இருந்தது. அவள் மகளைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்தாள். மேலடுக்கை எடுத்துத் தேய்த்து அலசி நீட்டினாள். மகள் ஒரு துணியால் துடைத்து மேடையில் வைத்தாள். இரண்டாவது அடுக்கில் அவளுக்கு நேரமாயிற்று. அடியிலே வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மகள் அவசரப்படுத்தவில்லை, துணியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

கீழே கார் வந்து ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. மகளின் போன் அலறியது.

"என்னடி, இறங்கி வரலையா?" அத்தையின் குரல் தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. கை மூன்றாவது அடுக்குக்குப் போயிருந்தது.

"இப்ப வர முடியாது அத்தை" என்றாள். "அம்மா அழுதுட்டு இருக்காங்க."