மூன்று கை விளக்குக் கம்பம்

கலும்பாங் ஆற்றோரத்தில் அந்தக் கம்பத்தை நடுவதற்கு முந்தைய நாள் வரை, கோல சிலாங்கூர் வட்டாரத்தில் என் சொல்லுக்கு ஒரு நிறை இருந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முறையாகப் பயின்றவன். இடைநிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில்நுட்ப வரைபடம் கற்பித்தவன். ஒரு கோடு செங்குத்தா, இல்லையா என்பதில் ஐயம் எழுந்தால், பள்ளியில் மட்டுமன்றிப் பக்கத்துக் கட்டுமானத் தளத்திலிருந்தும் என்னைக் கேட்க ஆள் வருவதுண்டு.

இவை தவிர, பரவலாக அறியப்பட்ட ஒரு கடிதமும் எனக்கு உண்டு. மரத்தடியில் கல்லையும் கம்பியையும் நட்டு, மஞ்சள் துணியைச் சுற்றிக் கோயில் என்று அழைக்கும் வழக்கத்தை நம் மக்கள் கைவிட வேண்டும் என்று தமிழ் நாளேடு ஒன்றுக்கு எழுதியிருந்தேன். அதைக் கட்டம் கட்டி வெளியிட்டார்கள். அடுத்து வந்த ஆலயக் குழுக் கூட்டத்தில் அதையே உரக்க வாசித்தேன். எதிர்த்துப் பேசியவர் ஒருவர்தான்: நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் வாத்தியாரே, சாமி எங்க ஒக்காரணும்னு இனிமே நீங்கதான் பிளான் போட்டுக் குடுப்பீங்களா?" என்றார்.

அவை சிரித்தது. ஆனால் வாக்கெடுப்பில் என் பக்கமே வென்றது. அதன் பிறகு கிராணியார் என்னைக் காணும்போதெல்லாம் மிகுந்த பணிவுடன் வணக்கம் சொல்லத் தொடங்கினார். அந்தப் பணிவின் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. நான் வழுக்கும் நாளுக்காக அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, லோரி ஓட்டி ஓய்ந்தவர். கலும்பாங்கை அடுத்த ஒரு பழைய டுரியான் பழத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஆற்றோரமாகக் கூடாரம் அடித்துத் தங்கும் இடமாக மாற்றியிருந்தார். நகரத்து மக்களுக்குக் கொசுக்கடியும் வாடகைக்குக் கிடைக்கும் காலம் இது. முதல் விருந்தினராக, எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஒன்றுகூடலை அங்கேயே வைத்துக்கொள்ள ஏற்பாடாகியிருந்தது. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்று அவர் காளான் வடிவப் பிளாஸ்டிக் விளக்குகள் சிலவற்றை வாங்கி வந்து காட்டினார். அவற்றில் ஒரு காளானுக்குக் கண்ணும் வாயும் இருந்தன.

"இது விளக்கா, விளையாட்டுப் பொருளா?" என்று கேட்டேன்.

"கடையில ரெடிமேடா இதான் அத்தான் இருக்கு. வெளிச்சம் வந்தா போதும் லா."

வெளிச்சம் வந்தால் போதும் என்பவர்களிடம் நான் விவாதிப்பதில்லை. நானே செய்து தருகிறேன் என்றேன். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒங்களுக்கு ஏங்க இந்த வயசுல ஏணி, இரும்பெல்லாம்?" என்றாள். கேள்வியின் இரண்டாம் பகுதியை மட்டும் செவிமடுத்து, வரைபலகையை எடுத்தேன்.

என் வடிவமைப்பில் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. இன்று வரை அந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட எவரும் மறுத்ததில்லை. பத்தடி இரும்புக் குழாய். உச்சியில் இரு பக்கமும் வெளிநோக்கி வளைந்து மேலெழும் இரண்டு கைகள். அவற்றின் வளைவில் விளக்குகள் தொங்கும். கல்லூரி நூலகத்தில் ஐரோப்பிய நகரத் தெருக்களைப் பற்றிய ஒரு நூலில் கண்ட அமைப்பு அது. நடுவில் மூன்றாவது கை நேராக உயர்ந்து கூராக முடியும். மைனா உட்கார்ந்து எச்சமிடாதிருக்கவே அந்தக் கூர்மை. சமச்சீர் கருதி மற்ற இரண்டு முனைகளையும் கூராக்கினேன். அடியில் மூன்று படிகளாகச் சிமெந்துப் பீடம். பின்னோக்கி வரும் கார்கள் மோதிவிடாதபடி பீடத்துக்குச் சாலைத் தடுப்புகளைப் போலச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தேன். இடம், வழி பிரியும் மூலை. அங்கே ஓர் ஆலமரம் நின்றது. அதை அங்கே வளர்த்தவன் நான் அல்லன்.

முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் மூன்றையும் வரைந்தேன். பட்டறைக்காரச் சீனர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். வேலையின் நுட்பத்தை வியக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கம்பத்தை நட்டோம். வேறு நாளில் மைத்துனருக்கு ஒழிவில்லை. கிழமைக்கு அதற்கு மேல் பொருள் இல்லை. தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தேன். இம்மியும் சாய்வில்லை. பீடத்தின் வண்ணம் பிற்பகலில்தான் முடிந்தது. ஈரத்தில் எவரும் கை வைத்துவிடக் கூடாது. எச்சரிக்கைப் பலகை எழுத அட்டை இல்லை. எச்சரிக்கைக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட நிறம் மஞ்சள் என்பதால், மனைவி துடைப்பதற்காகக் கொடுத்தனுப்பியிருந்த மஞ்சள் துணியைக் கிழித்துக் கம்பத்தின் இடுப்பளவில் சுற்றி முடிச்சிட்டேன். விளக்குகளை மைத்துனர் வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். மறுநாள் வந்து தொங்கவிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து வீடு திரும்பினோம்.

மறுநாள் முற்பகலில் விளக்குகளுடன் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, குடும்பங்கள் முன்னதாகவே வந்து கூடாரங்களை அடித்துவிட்டிருந்தன. என் கம்பத்தைச் சுற்றிச் செருப்புகள் வரிசையாகக் கழற்றி விடப்பட்டிருந்தன. மூன்று முனைகளிலும் எலுமிச்சம்பழங்கள் செருகப்பட்டிருந்தன. பத்தடி உயரத்துக்கு அவற்றை யார் எப்படிக் கொண்டு சென்றார்கள் என்பதை நான் இன்னும் கண்டறியவில்லை. மேல்படியில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருந்தது. வண்ணம் காய்ந்துவிட்டதா என்று பார்க்கும் பொறுமையின்றிக் குங்குமம் பூசியிருந்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி பொறுப்பேற்றிருந்தார். என்னைக் கண்டதும் கண் கலங்கினார்.

"தம்பி, தோட்டத்த வித்தப்ப நம்ம முனியாண்டிய அம்போன்னு விட்டுட்டு வந்தோமே, அந்தப் பாவம் இன்னிக்குத்தான் தீந்துச்சு. ஒன் கையால தீரணும்னு இருந்திருக்கு."

"ஆயா, இது விளக்குக் கம்பம்."

"ஆமாய்யா. சாமிக்கு வெளக்கு வைக்கணும்ல?"

அப்போதுதான் நான் பின்வாங்கி நின்று அதை முழுமையாகப் பார்த்தேன். ஆலமரம், ஆற்றங்கரை, சிவப்பு வெள்ளைப் பீடம், மஞ்சள் துணி, வானை நோக்கிய மூன்று கூர்முனைகள். என் மூன்று வரைபடங்களிலும் விளக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. விளக்கில்லாத நிலையில் அது எப்படித் தோன்றும் என்ற நான்காவது தோற்றத்தைக் கல்லூரியில் கற்பிக்கவில்லை.

கிராணியார் ஆலமர நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். எழுந்து வந்து கைகூப்பினார்.

"வணக்கம் வாத்தியாரே. பேப்பர்ல ஒங்க கடுதாசிய நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன் போலருக்கு. கண்டவன் கோயில் கட்டக் கூடாது, அளவு தெரிஞ்சவன் கட்டணும். அதான எழுதிருந்தீங்க?"

நான் கட்டியது கோயில் அன்று என்பதை நிறுவுவதற்கு, விளக்குகளை அப்போதே தொங்கவிடுவது ஒன்றே வழி என்று கருதினேன். ஏணியைச் சாத்தி ஏறினேன், எலுமிச்சம்பழங்களை அகற்றினேன், இரண்டு சூரிய ஒளி விளக்குகளையும் மாட்டினேன். பின்னர் கீழே நின்று, கூடியிருந்தோருக்குத் தெளிவாக விளக்கினேன்: பகலில் மின்கலம் நிறையும்; ஒளி குறைந்ததும் விளக்கு தானே எரியும்; எந்தக் கையும் படத் தேவையில்லை; இதில் அறிவியல் தவிர வேறெதுவும் இல்லை. அனைவரும் தலையாட்டினர். தலையாட்டுவது புரிந்துகொண்டதற்கு அடையாளம் அன்று என்பதை வகுப்பறையில் அத்தனை ஆண்டுகள் கண்டிருந்தும் நம்பினேன்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு மலைப்பக்கமிருந்து மழைமேகம் திரண்டது. ஆற்றோரம் இருண்டது. மூதாட்டி சூடம் ஏற்றித் தட்டை உயர்த்திய அதே நொடியில், என் விளக்குகள் இரண்டும், வடிவமைப்பின்படி மிகச் சரியாக, எரிந்தன.

எழுந்த குரவையை ஆற்றின் அக்கரையில் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். ஒருவர் அருள் வந்து ஆடினார். பள்ளியில் என்னிடம் வரைபடம் படித்து, இப்போது மின்பணியாளராக இருப்பவர் அவர். இரவு விருந்துக்கு மசாலா தடவி வைத்திருந்த கோழிகள் வாட்டப்படும் முன் பீடத்தில் படைக்கப்பட்டன.

ஞாயிறு காலை மைத்துனர் என்னைத் தனியே அழைத்தார். அவர் கண்ணில் உறக்கம் இல்லை.

"அத்தான், அடுத்த வாரம் ஒரு மலாய்க்காரக் குடும்பம் புக் பண்ணிருக்கு. அவங்களுக்கு நான் என்னான்னு சொல்றது? இந்த ஜனங்க இப்பவே ஆடி மாசத் திருவிழாவுக்குக் கமிட்டி போட்டுட்டாங்க. ஒங்களத் தலைவராப் போட்டிருக்காங்க."

"தலைவரா?"

"கிராணிதான் பேரு குடுத்தாரு. எல்லாரும் கை தட்டினாங்க."

என் பெயரைக் காக்க ஒரு வழிதான் இருந்தது. நடு முனையை அறுத்தெறிந்தால் எஞ்சுவது இரண்டு கை விளக்குக் கம்பம். அதை எவரும் கும்பிட மாட்டார்கள். இரும்பறுக்கும் ரம்பத்தை மைத்துனரிடம் நீட்டினேன்.

"நானா? நான் புள்ளகுட்டிக்காரன் அத்தான்."

"இது உன் இடம்."

"எடம் என்னுது. சூலம் ஒங்களுது."

அந்த முனையை நம் ஆட்களில் எவரும் அறுக்க மாட்டார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெளிவாயிற்று. முந்தைய நாள் அருள் வந்து ஆடிய மின்பணியாளர், தமக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்றார். ஆகவே நானே போனேன். மூதாட்டி மட்டும், "வேணாம் தம்பி, சொன்னாக் கேளு," என்றார். ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள ஒரே ஒருவர் முன்வந்தார். கிராணியார்.

"ஏறுங்க வாத்தியாரே. நான் புடிச்சிருக்கேன். என்ன நடந்தாலும் பாத்ததப் பாத்தபடி எல்லாருக்கும் சொல்றேன்."

ஏறினேன். பாதி அறுத்தபோது ரம்பத்தின் அலகு ஒடிந்தது. அடுத்த கணம் ஏணியின் ஒரு கால் மண்ணில் இறங்கியது. ஏணியும் கிராணியாரும் நானும், அந்த வரிசையில், தரைக்கு வந்து சேர்ந்தோம். எனக்குக் கணுக்கால் பிசகிற்று. கிராணியாருக்கு ஒரு கீறலும் இல்லை. அவர் என் கீழேதான் கிடந்தார். மேலே விழுந்துவிட்டீர்களே என்று ஒரு சொல்கூடச் சொல்லாமல், என்னைத் தூக்கி நாற்காலியில் அமர்த்தியவரும் அவர்தான். பெரும்பாலானோர் விட்டுவிடும் செய்தி என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

கம்பம் இன்றும் அங்கேயே இருக்கிறது. மைத்துனர் கூடாரங்களை ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றி, அங்கே காளான் விளக்குகளை நட்டுவிட்டார். கண்ணும் வாயும் உள்ள காளானுடன் மலாய்க் குடும்பத்துக் குழந்தைகள் படம் எடுத்துக்கொண்டார்களாம். நாளேட்டுக்கு நான் இப்போது எழுதுவதில்லை. தலைவர் பொறுப்பை ஏற்கவில்லை என்று முறைப்படி கடிதம் கொடுத்தேன். அது கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, தன்னடக்கம் எனப் பாராட்டப்பட்டது.

நான் ஏணியில் ஏறுவதற்கு முன் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம் கோல குபு பாரு முதல் சுங்கை பஞ்சாங் வரை கைப்பேசிகளில் சுற்றுகிறது. அதில் நான் வெறுங்காலுடன், கம்பத்தின் முன் இரு கைகளையும் சேர்த்து நிற்கிறேன். கடிதம் எழுதிய வாத்தியாரே மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஏறினார், அப்படியும் முனி விடவில்லை என்று அதற்குக் கீழே எழுதியிருக்கிறார்கள்.

அலகு ஒடிந்தது, மலிவானது என்பதால். ஏணி சரிந்தது, இரவெல்லாம் மழை பெய்து மண் இளகியிருந்ததால். செருப்பைக் கழற்றினேன், அதன் அடியில் சேறு இருந்தது. அந்தச் சேற்றில் கொஞ்சம் கையிலும் ஒட்டியிருந்தது. படத்தில் நான் கும்பிடவில்லை. கையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.