மாமாவின் குரலை நிறுவிய கதை

என் அக்கா புருஷனுக்குத் தொண்டை கட்டியபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தொழிலே தொண்டைதான். கடலூர் முதுநகரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிற அறிவிப்புகளுக்குக் குரல் கொடுப்பவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் திருவிழா, தண்ணீர் வராத நாள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாவு. மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மாமாவுக்குத்தான் போன் வரும். கத்திப் பிழைக்கிறவனுக்குத் தொண்டை கட்டாமல் வேறு யாருக்குக் கட்டும் என்று பனங்கற்கண்டும் மிளகும் வாயில் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினார். வேறு தொழிலில் இருந்திருந்தால் முதல் மாதமே டாக்டரிடம் போயிருப்பார்.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துப் புற்று என்றார்கள். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், பேச்சு இருக்காது. டாக்டரிடம், "உயிரோட இருந்தா போதும் சார்" என்று தைரியமாகச் சொன்ன அக்கா, வராந்தாவுக்கு வந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கம்ப்யூட்டர்லதான வேல பாக்குற. ஏதாச்சும் பண்ணுடா. எனக்கு அவுரு கொரல் வேணும்."

நான் சிதம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன். அக்காவைப் பொறுத்தவரை கரண்ட்டில் ஓடுகிற எதுவும் எனக்குத் தெரியும். முதலில் போனிலேயே இருக்கிற வசதியைக் காட்டினேன். தமிழில் தட்டினால் ஒரு பெண் குரல் படிக்கும். அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எவளோ ஒருத்தி எம் புருஷனுக்குப் பதிலா பேசணுமா?" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

எழுத்தைக் குரலாக மாற்றுகிற ஒரு லைப்ரரி இருப்பது எனக்குத் தெரியும். பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிற நிரல்களின் தொகுப்பு அது. ஏற்கெனவே தமிழ் பேசப் பழக்கிய ஒரு குரலின்மேல், நாம் கொடுக்கிற ஒலிப்பதிவுகளை வைத்து நம் ஆளின் குரலை ஏற்றலாம். பதிவுதான் வேண்டும், அதுவும் தெளிவான பதிவு. மாமாவின் குரலோ அதற்குள் கரகரத்துப் பாதி காற்றாகிவிட்டது. பழைய பதிவு ஏதாவது இருக்கும் என்று வீட்டைப் புரட்டினோம்.

கல்யாண வீடியோ இருந்தது. அக்காவின் வளைகாப்பு, வீடு குடிபோனது, எல்லாம் இருந்தது. எதிலும் ஒரு மனிதக் குரல் இல்லை. நம் ஊரில் வீடியோ எடுக்கிறவர்கள் விசேஷத்தின் சத்தத்தை அழித்துவிட்டு முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டுத்தானே கொடுப்பார்கள்? தாலி கட்டி முடித்து மாமா அக்காவின் காதில் ஏதோ சொல்கிறார், அவள் தலையைக் குனிந்து சிரிக்கிறாள், மேலே எவனோ டூயட் பாடிக்கொண்டிருக்கிறான். என்ன சொன்னார் என்று அக்காவைக் கேட்டேன். நினைவில்லை என்றாள். டிவியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மாமா வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிற ஆளும் இல்லை. கடைசியில், மைக் கட்டிய அந்த ஆட்டோவை ஓட்டுகிற அண்ணன்தான் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். அறிவிப்பை ஒருமுறை பதிவு செய்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் தெருத்தெருவாகப் போவது அவர்கள் வழக்கம். கடை விளம்பரங்களில் அடியில் இசை கலந்திருந்ததால் அவை உதவாது. சாவு அறிவிப்பில் இசை போட மாட்டார்கள். சுத்தமான, கணீரென்ற குரல், ஆண்டுக்கணக்கில். கடவுளே கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு லைப்ரரியைக் கட்டுகிற வேலை. பெரும்பாலும் இவை கடையில் வாங்குகிற இட்லி மாவு மாதிரி ஆயத்தமாகவே கிடைக்கும். நமக்கு வேண்டிய பக்குவம் கிடைக்காவிட்டால் அரிசியும் உளுந்தும் வாங்கி நாமேதான் அரைக்க வேண்டும். மூலநிரலை இறக்கி, கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, அதாவது கம்பைல் செய்து, நிறுவ வேண்டும். தொடங்கியதும் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தது. ஒலியைப் படிக்க ஒரு லைப்ரரி இல்லை என்றது. அதைக் கொண்டுவந்தால், அதன் புது வடிவம் வேண்டாம், பழசுதான் வேண்டும் என்றது. சம்பந்தி வீட்டார்கூட இவ்வளவு பிடுங்க மாட்டார்கள். என் மேசைக் கணினியில் ஒருவழியாகக் கட்டி முடித்து, மாமாவின் குரலையும் ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் அக்காவின் பழைய லேப்டாப்பில் கொண்டுபோய் வைத்தேன். ஒரே வரியில் பிழை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. என் கணினியின் புது பிராசசருக்கு ஏற்றபடி கட்டியிருந்தேன். அந்தக் கட்டளைகள் பழைய பிராசசருக்குப் புரியவில்லை. லேப்டாப்பிலேயே முதலிலிருந்து கட்ட வேண்டும்.

அதற்குள் ஆபரேஷன் முடிந்திருந்தது. கழுத்தில் ஓட்டை, அதன்மேல் துணி. மாமாவின் கட்டிலோரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் கம்பைல் ஓட்டினேன். வரி வரியாகத் திரையில் ஏறிக்கொண்டே போனது. மாமா தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிலேட்டை எடுத்து எழுதினார்: "மெஷினு ஜாஸ்தி பேசுது மச்சான்." சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வராத சிரிப்பைச் சிரிப்பென்று அடையாளம் காண எனக்கு இன்னும் பழகியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, சார்ஜர் வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

கட்டி முடித்து நிறுவிய பிறகும், அப்படி ஒரு லைப்ரரியே இல்லை என்று சாதித்தது. இருக்கிற இடத்தைக் கணினிக்குத் தெரிவிக்க ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்ததும் அடங்கியது. கூடவே வருகிற சோதனைகளை ஓட்டினேன். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் தேறின. அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

மாமா வீட்டுக்கு வந்த பிறகுதான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். முதல் வார்த்தையை அவள் வீட்டில் கேட்க வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்தில் லேப்டாப்பை வைத்து ஸ்பீக்கரை மாட்டினேன். அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மாமா ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். "சாப்ட்டியா?"

மாமாவின் குரல்தான். அச்சு அசலாக அவருடையது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஒரு கனத்த இடைவெளி விட்டது, பிறகு தாழ்ந்த குரலில் இழுத்து, கடைசி எழுத்தை மெல்ல இறக்கி வைத்தது. இறந்தவரின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் மாமா விடுகிற இடைவெளி அது. மாமாவின் குரலில் அது கேட்டதெல்லாம் அந்தச் சாவு அறிவிப்புகளை மட்டும்தான். நான் கொடுத்ததைத்தானே அது கற்கும்? மாமா இன்னொன்று தட்டினார். "காப்பி போடு." அதுவும் அப்படியே வந்தது. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க தவறிட்டது?" என்று கேட்டார்கள்.

அக்கா எழுந்து வந்து லேப்டாப்பை மூடினாள். கோபமாக மூடவில்லை, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாமல் கதவைச் சாத்துகிற மாதிரிதான் சாத்தினாள். "வீட்டுல இத போடாதீங்க" என்றாள். மாமா அவளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் பேச வேண்டியதையெல்லாம் சிலேட்டில் எழுதுகிறார், பாதிக்கு மேல் எழுதுவதுமில்லை.

நான் இரண்டு தடவை ஏற்ற இறக்கத்தை மாற்றிப் பார்த்தேன். வேகத்தைக் கூட்டினால் அவசரமாகச் செத்தவனை அறிவிக்கிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

ஆட்டோ அண்ணன் விடவில்லை. விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்தவர், இறந்தவர் பெயரையும் ஊரையும் தட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு அசந்துபோனார். "நீங்க வாயத் தொறக்கவே வேணாம்ணே. பழசவிட நல்லாருக்கு" என்றார். மாமாவின் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது லேப்டாப் ஆட்டோ அண்ணன் வீட்டில்தான் இருக்கிறது. மாமா அங்கே போய்த் தட்டிக் கொடுத்துவிட்டு வருகிறார். ஊரில் பாதிப் பேருக்கு அவருக்குக் குரல் போனதே தெரியாது.

சில மாதங்களுக்கு முன்னால் கடலூருக்குப் போயிருந்தேன். மாமா கூடத்தில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா குழம்பு தாளிக்கும்போது தூரத்தில் ஆட்டோ சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்தாள். ஈரக்கையோடு வாசலுக்குப் போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புவனகிரிப் பக்கத்து ஒரு பெரியவர் காலமாகிவிட்டதாக மாமாவின் குரல் தெருமுனையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தது. எங்களைக் கடந்தது. தேய்ந்து தேய்ந்து போய், அடுத்த தெருவில் ஒருமுறை கேட்டது. அதற்குப் பிறகும் அவள் நின்றாள்.

"வீட்டுல கேட்டப்ப வேணாம்னியேக்கா" என்றேன், மாமாவுக்குக் கேட்காமல்.

"வீட்டுல கேட்டா எழவு. தெருவுல கேட்டா அவுருதாண்டா. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இப்டித்தான் கேட்டிருக்கேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா பேப்பரைத் தாழ்த்தி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஊருக்குத் திரும்பி ரொம்ப நாள் கழித்து ஒரு சாயந்திரம் அக்கா போன் செய்தாள். நல்லாருக்கியா, மழை உண்டா, வேலை எப்படி என்றெல்லாம் கேட்டாள்.

"கொஞ்ச நாளா ஆட்டோவே வரலடா" என்றாள். "ஊர்ல யாருமே சாவலையா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.