கரைக்குள் கேட்ட திமிசு

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கட்டுமானப் பொறியியல் படித்தவன். முப்பத்து நான்கு ஆண்டுகள் ஏரிகளுக்கும் மதகுகளுக்கும் நடுவே அரசுப் பணி செய்து ஓய்வு பெற்றவன். பௌர்ணமிதோறும் ஊரே மலையைச் சுற்றி நடக்கும்போதும், உடம்புக்கு நல்ல நடை என்பதற்கு மேல் நான் ஒரு சொல் சொன்னதில்லை. ஆவி, காவல் தெய்வம் என்று எவராவது என் எதிரில் ஆரம்பித்தால் நாற்காலியை விட்டு எழுந்து போய்விடுவேன். என் மனைவிக்கே இதில் என்மேல் வருத்தம் உண்டு. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் குறை சொல்ல மாட்டேன். வேறொருவர் சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

திருவண்ணாமலையில் எங்கள் குடியிருப்பை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் பாசனத்துக்கு இருந்தது. வயல்களெல்லாம் மனைகளாகிவிட்ட பிறகு அதைப் பொழுதுபோக்கு ஏரியாக மாற்றினார்கள். கரைமேல் நடைபாதை, வண்ண விளக்குகள், மிதிபடகுகள், நின்று படம் எடுத்துக்கொள்ள ஆளுயர எழுத்தில் ஊர்ப் பெயர். கரைக்குக் கீழே, முன்பு நெல் விளைந்த பள்ளத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஏரியைப் பராமரிக்கக் குழு அமைத்தபோது தொழில்நுட்ப ஆலோசகராக என்னைக் கேட்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

மண் கரை எதுவானாலும் கொஞ்சம் கசியும். கசிவதில் தவறில்லை. கரையடியில் சிறு வாய்க்கால் வெட்டி அந்தக் கசிவை ஓடவிட்டு, நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. தெளிவாக வந்தால் கரை நலம். கலங்கி வந்தால் கரையின் வயிற்றிலிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இந்த ஏரிக்கும் அப்படி ஒரு வாய்க்கால் இருந்தது. பாசி பிடித்து நாற்றமடித்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், மூடிவிட்டு மேலே பேவர் பிளாக் பதிக்கலாமா என்று குழுச் செயலாளர் கிரிதரன் கேட்டார். செங்கம் சாலையில் தங்கும் விடுதி நடத்துகிறவர். எதுவும் பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் அவருக்கு. துளைக்குழாய் வைத்துச் சரளை கொட்டி மூடலாம் என்று நான் ஒப்புதல் கொடுத்தேன். குழாயின் மறுமுனை சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. அதாவது, கசிவு என்ன நிறத்தில் போகிறது என்பது அன்றோடு எவர் கண்ணுக்கும் தெரியாமல் போனது. முதலாண்டு மாணவன்கூடச் செய்யாத பிழை அது. அழகுக்காக நான் செய்தேன்.

அந்த ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பத்து நாள் பெய்தது. ஏரி நிரம்பி, கோடி போக, அதாவது மிகுநீர் வழிந்தோட, ஓரடிதான் பாக்கி. தீபத்துக்கு வெளியூர்க் கூட்டம் வருமுன் புதிய படகுத்துறையைத் திறந்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாலை நாள் குறித்திருந்தார்கள். கரை உறுதியாக உள்ளது என்று நானும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை மாலை நாலரை மணி இருக்கும். மழை ஓய்ந்திருந்தது. வழக்கம்போல் கரைமேல் நடந்துகொண்டிருந்தேன். படகுச் சீட்டுக் கொடுக்கும் தனலட்சுமி கூப்பிட்டார். கரைக்குக் கீழே முதல் வரிசையில் அவருடைய வீடு. துறை வேலை முடியாததால் படகுகளைக் கரையில் இறக்கிய கடப்பாரைகளில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதில் ஒன்றைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"சார், கொஞ்சம் இதைத் தொட்டுப் பாருங்களேன். உள்ள யாரோ இடிக்கிறாங்க. ரெண்டு நாளா இருக்குது. எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னா, உனக்குக் காது ஜாஸ்தியாப் போச்சுன்றாரு. நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க."

எங்கேயோ மோட்டார் ஓடுகிறது என்றேன். மத்தியானத்திலிருந்து கரண்ட்டே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டுப் போக மனமில்லாமல்தான் கடப்பாரையைப் பிடித்தேன். உள்ளங்கையில் ஓர் அதிர்வு ஏறியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சமாக இருந்தது, இருந்தாலும் குனிந்து இரும்பின் நுனியில் காதை வைத்தேன்.

எனக்குத் தெரிந்த ஓசை. கரை கட்டும்போது மண்ணைக் கொட்டி, நனைத்து, சதுர அடிப்பாகம் கொண்ட கனத்த இரும்புக் கட்டையைத் தூக்கித் தூக்கிப் போட்டு இறுக்குவோம். திமிசு என்று அதற்குப் பெயர். இப்போது அந்த வேலைக்கு உருளை எந்திரங்கள் வந்துவிட்டன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நாள் முழுக்க அந்த ஓசைக்கு நடுவில்தான் நின்றிருக்கிறேன். காய்ந்த மண்ணில் விழும் திமிசு வேறு, ஈர மண்ணில் விழும் திமிசு வேறு. இது ஈர மண்ணில் விழுந்தது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். நான்கு நொடிக்கு ஒரு அடி. நம்பினால் நம்புங்கள், பதினைந்து இருபது அடிக்கு ஒருமுறை சற்றே நின்றது, ஆள் மூச்சு வாங்குவதைப் போல. எந்த எந்திரமும் அப்படி நிற்காது.

கடப்பாரையைப் பிடுங்கி ஐந்தாறு இடங்களில் நட்டுக் கேட்டேன். தனலட்சுமியும் கூடவே வந்தார். வாய்க்காலை நாங்கள் மூடிய இடத்துக்கு நேர் மேலே ஓசை மிகத் துலக்கமாக இருந்தது. அவரும் காது வைத்துக் கேட்டார். நேற்று இவ்வளவு வேகம் இல்லை, இன்றைக்கு அவசரமாக இடிக்கிறாற்போல் இருக்கிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கொழந்தைங்கள வச்சிக்கினு இன்னிக்கு ராத்திரி வூட்ல படுக்கலாமா சார்?"

என் பணிக்காலம் முழுவதிலும் எவரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. படுக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "வேண்டாம்மா. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுங்க" என்றேன். ஒரு வீட்டுக்கு அப்படிச் சொன்ன பிறகு, மற்ற வீடுகளுக்கு என் கடிதம் வேறு பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அங்கிருந்தே கிரிதரனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கரை உறுதியா இருக்குதுன்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டீங்க?" என்றார்.

"போட்டேன். அது தப்பு. கரையடியில கலங்கல் தண்ணி வருது, பாத்தேன்."

பார்க்கவில்லை. என் வாழ்நாளில் ஓர் அளவைக்கூட இட்டுக்கட்டி எழுதாதவன் நான். ஆனால் கடப்பாரையில் காது வைத்துத் திமிசுச் சத்தம் கேட்டேன் என்று சொல்லியிருந்தால், கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மறுநாள் ஊரே பேசியிருக்கும். கல்லை எவரும் பெயர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"பேவர் பிளாக்குக்கு அடியில ஓடுறதை எப்படி சார் பாத்தீங்க?"

"பேத்துப் பாருங்க. இப்பவே. தண்ணி தெளிவா இருந்துதுன்னா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க, நான் இனிமே இந்தக் கரை மேல ஏற மாட்டேன்" என்றேன்.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். திறப்பு விழாவுக்காகக் கல் பதித்துக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்களையும் அழைத்துவந்தார். வெளிச்சம் இன்னும் இருந்தது. நாங்கள் கரையடிக்கு இறங்கினோம். தனலட்சுமி மேலேயே கடப்பாரையில் காது வைத்தபடி நின்று, ஒவ்வோர் அடிக்கும் கையை உயர்த்திக் காட்டினார். அங்கே என்ன செய்கிறார் அந்தம்மா என்று கிரிதரன் கேட்டார். நான் குனிந்து, பெயர்க்க வேண்டிய கற்களைத் தொழிலாளர்களுக்குக் காட்டினேன். கை உயர்ந்தது, தாழ்ந்தது. முதல் வரிசைக் கற்களைப் பெயர்த்தார்கள், இரண்டாவதையும் பெயர்த்தார்கள். மூன்றாவது வரிசையில் நடுக்கல்லை நெம்பியபோது தாழ்ந்த கை மீண்டும் உயரவில்லை. கல்லுக்குக் கீழிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது.

அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒரு துவாரம், கரைக்குள் போயிற்று. நான் மண்டியிட்டு, கைப்பேசி விளக்கை உள்ளே காட்டினேன். அங்கே கண்டதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு மணி நேரத்துக்குள் அதிகாரிகள் வந்து மதகைத் திறந்தார்கள். கீழே இருந்த குடும்பங்களைக் கல்யாண மண்டபத்துக்கு மாற்றினார்கள். விழா தள்ளிப்போனது. நீர் வடிந்த பிறகு கரையை வெட்டிப் பார்த்தபோது, அந்தப் பொந்து கரையின் பாதியைத் தாண்டி ஏரிப் பக்கம் போயிருந்தது. இந்தக் கரை இரண்டு நாள் முன்பே போயிருக்க வேண்டும், எப்படி நின்றது என்று தெரியவில்லை என்று வந்த நிபுணர் சொன்னார். வாய்க்காலை மூட ஒப்புதல் கொடுத்தவன் நான் என்று அவரிடம் எழுதிக் கொடுத்தேன். அதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, சாருக்கு எக்ஸ்ரே கண்ணு என்று கிரிதரன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கரை சீரான பிறகு மேடை போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். இறங்கி வரும்போது தனலட்சுமி பக்கத்தில் வந்து, "இடிச்சவங்களுக்கு ஒண்ணும் போடலியா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். கேலியா இல்லையா என்று எனக்கு இன்றும் தெரியாது.

இனி, உள்ளே கண்டது. பொந்தின் உயரம் ஒரு முழம். ஒரு மனிதன் படுத்துக்கூட நுழைய முடியாது. அதன் தரையில் களிமண் இறுக்கப்பட்டிருந்தது. ஒரு சாண் அகலத்தில் சதுரச் சதுரமாகத் தடங்கள், ஏரிப் பக்கத்து இருட்டிலிருந்து என்னை நோக்கி வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் கலங்கல் நீர் தேங்கி நின்றது. பழைய வேலையின் அடையாளம் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் என் முகத்துக்கு மிக அருகில் இருந்த கடைசித் தடத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. அதன் பக்கத்தில் என் முஷ்டியை அழுத்தி எடுத்தேன். பத்து எண்ணுவதற்குள் அந்தக் குழி நீரால் நிறைந்தது. மறுபடி பார்த்தேன், கடைசித் தடமும் அப்போதுதான் நிறைந்துகொண்டிருந்தது.