ஹாரன் அடித்தால் போதுமா?

எண்பதுகளின் தொடக்கம். போடியில், கடைவீதிக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் குடியிருந்தோம். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் கடைவீதி நெரிசலுக்குப் பயந்து எங்கள் தெருவில் புகுந்து பறக்கும். நேரமாகிவிட்டால் தோட்டத்தில் ஏசுவார்களாம். அதற்கு எங்கள் பிள்ளைகளா பலி?

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. வாசலில் உட்கார்ந்து விளையாடுவாள். அதற்காக அவளை வீட்டுக்குள் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தெரு ஆண்கள் கூடிப் பேசி, செங்கல் உடைசலும் மண்ணும் கொட்டி ஒரு வேகத்தடை போட்டார்கள். ஆனால் சைக்கிள் போக வேண்டுமென்று ஓரத்தில், எங்கள் வாசல் பக்கமாக, கொஞ்சம் இடம் விட்டார்கள். அதையும் அடைக்கச் சொல்லிக் கத்தினேன்.

"நீ சும்மா இரு ஆத்தா. இதுக்குள்ள ஜீப்பு எப்படிப் போகும்?" என்று சிரித்தார்கள்.

முழு ஜீப் எதற்குப் போக வேண்டும்? ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் அந்த இடைவெளியில் விட்டு, வண்டியைச் சாய்த்து, வேகம் குறையாமல் ஓட்ட டிரைவர்கள் பழகிக்கொண்டார்கள். முன்பு தெரு நடுவே போன ஜீப், இப்போது எங்கள் படியை உரசிக்கொண்டு போனது. தடை போட்ட லாபம் இதுதான்.

ஒரு நாள் காலை, தண்ணீர்க் குடத்துடன் திரும்பி வருகிறேன். மகள் அந்த இடைவெளியில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பின்னால் ஜீப். ஹாரன் விடாமல் அலறுகிறது. அவள் திரும்பவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் டிரைவர் ஒடித்துத் திருப்ப, வண்டி செங்கல் மேட்டில் ஏறி நின்றது. அவளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சின்ன வயசுப் பையன்.

"ஹாரன் அடிச்சுக்கிட்டேதான்க்கா வந்தேன். புள்ளைக்குக் காது கேக்காதா?"

"கேக்காதுடா! பெறந்ததுல இருந்தே கேக்காது!"

ஜீப்புக்குள் இருந்த, தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அம்மா எட்டிப் பார்த்துச் சொன்னார்: "மெதுவாப் போன்னு தெனமும் நாங்க கத்துறதே ஒனக்குக் கேக்கல. அந்தப் புள்ளைக்கு எப்படிறா கேக்கும்?"

மறுநாள் அதே ஜீப் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றது. ஹாரன் இல்லை. மகள் தானாகத் திரும்பிப் பார்க்கும்வரை அவன் காத்திருந்தான். பார்த்ததும் கையைத் தூக்கினான். இவளும் கையைத் தூக்கிவிட்டுப் படியேறினாள். பிறகுதான் வண்டி ஊர்ந்தது. இரண்டு நாள் நடிப்பான் என்றுதான் நினைத்தேன். ஆனால் மற்ற டிரைவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த எவனாவது ஹாரனில் கை வைத்தால், "அடிக்காதடா, கையக் காட்டு" என்று ஜீப்புக்குள் இருந்த பெண்களே அதட்டினார்கள்.

அடுத்த மழையில் செங்கல் மேடு கரைந்து போனது. திரும்பப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த டிரைவரை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. கூடவே கோபமும் வருகிறது: காது கேட்கிற பிள்ளை என்றால் மட்டும் இவர்கள் ஏன் நிற்பதில்லை?