பெயர் ஒட்டாத பச்சை டப்பா

அன்று காலை ஆடிட்டர் வருவதற்கு முன்னால் அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உன்ற செக்‌ஷன்ல எல்லாம் கிளியரா கண்ணு?"

"கிளியருங்கக்கா" என்றேன்.

அது பொய். ஸ்கிரீன்களில் டிசைனை ஒளியால் பதிக்கும் எக்ஸ்போசிங் ரூமில், அடுக்கி வைத்த ஸ்கிரீன் சட்டங்களுக்குப் பின்னால், என் பச்சை டப்பா இருந்தது.

நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பிரிண்டிங் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் ஆபீஸர். ஐந்து வருடங்களாக என் ஸ்கூட்டியில்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை ஆளனுப்பிச் சோதிக்கும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு திரவத்தின் மீதும் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், அதற்கான பாதுகாப்புத் தாள் ஃபைலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆர்டரே ஆட்டம் காணும். இதையெல்லாம் சரியாக வைத்திருப்பதுதான் அக்காவின் வேலை.

டப்பாவில் இருந்தது சாயம் அல்ல, கோழை. பூதங்களின் வாயில் ஒழுகுகிற கோழை.

என் கணவரும் அவருடைய கல்லூரி நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். விரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகளை மேஜை மேல் படையாக நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவது. பொம்மைகள் வெறும் சாம்பல் நிறத்தில் வரும், நாம்தான் வர்ணம் தீட்ட வேண்டும். அவருக்குப் பொறுமை கிடையாது என்பதால் தூரிகை என் கைக்கு வந்தது. அடுத்த வருடம் நானும் ஒரு படை வைத்து ஆட ஆரம்பித்தேன். என்னுடையது சதுப்பு நிலத்துப் பூதங்களின் படை. சொறிபிடித்த தோலும் கிழிந்த வாயுமாக எல்லாம் ஈரமாகத் தெரிய வேண்டிய உருவங்கள்.

ஈரத்தை வர்ணத்தால் மட்டும் கொண்டுவர முடியாது. ஒளி பட்டால் இறுகும் ரெசினில் இரண்டு சொட்டு பச்சை மையும் அரைச் சொட்டு மஞ்சளும் கலந்து, பல் குச்சியால் மேல் தாடையில் தொட்டு, கீழ்த் தாடை வரை மெதுவாக இழுக்க வேண்டும். இழை நடுவில் மெலிந்து அடியில் சொட்டாகப் பருக்கும் அந்த நொடியில் வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். ஒரு நொடி முந்தினால் குச்சி போல் நிற்கும், பிந்தினால் அறுந்துவிடும். வீட்டில் ஜன்னல் வெளிச்சத்துக்கே ரெசின் டப்பாவுக்குள் கெட்டியாகிவிடும். எங்கள் எக்ஸ்போசிங் ரூமிலோ மஞ்சள் பல்ப் மட்டும்தான். ஸ்கிரீனில் பூசும் எமல்ஷன் என்ற பசையும் ஒளி பட்டால் இறுகுவதுதான்; அது கெடாமலிருக்க வைத்த அந்த விளக்கில் என் ரெசினும் கெடாது. இறுக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே பலத்த ஒளி வீசும் எக்ஸ்போசிங் மிஷின். இரண்டு மாதங்களுக்கு மேலாக மதியச் சாப்பாட்டு இடைவேளையை நான் அங்கேதான் கழித்தேன்.

ஆடிட்டர் முதலில் தையல் பிரிவைப் பார்ப்பார், பிரிண்டிங் மதியத்துக்கு மேல்தான் என்று அட்டவணையில் இருந்தது. டீ நேரத்தில் டப்பாவை எடுத்து ஸ்கூட்டிக்குள் வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் சென்னைக்காரர், மெல்லப் பேசுகிறவர். வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "கெமிக்கல்ல இருந்து ஆரம்பிக்கலாமே" என்றார்.

மொதலாளி, அக்கா, நான், ஆடிட்டர். நால்வரும் பிரிண்டிங் பிரிவுக்கு நடந்தோம். என்னால் முந்தி ஓடவும் முடியவில்லை, பின்தங்கவும் முடியவில்லை. மை அலமாரியில் இருந்த டப்பாக்களை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அக்காவின் கையெழுத்தில் பெயர் இருந்தது. "நல்லா வச்சிருக்கீங்க" என்று அவர் சொன்னபோது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஆடிட்டர் எக்ஸ்போசிங் ரூமின் கறுப்புத் திரையை விலக்கினார்.

உள்ளே ஸ்கிரீன் போடுகிறவர் எழுந்து நின்றார். ஒடிசாக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், எட்டு வருடங்களாக இங்கே இருப்பவர். ஆடிட்டர் சட்டங்களைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு குனிந்து, சட்டங்களுக்குப் பின்னால் கையை விட்டார்.

"இது என்ன?"

மஞ்சள் வெளிச்சத்தில் அந்தப் பச்சை கறுப்பாகத் தெரிந்தது. ஒடிசாக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். ஒரு முறைதான்.

"தெரியாது சார்" என்றார்.

"உங்க ரூம்தானே?"

"ஆமா சார். தெரியாது."

மொதலாளியின் குரல் உயர்ந்தது. "எட்டு வருசமா இதே ரூம்ல இருக்கற. உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாதா உனக்கு?"

ஆடிட்டர் எழுத ஆரம்பித்தார். எழுதுவதை வாயாலும் சொன்னார். பெயரில்லாத ரசாயனம், அதைக் கையாளத் தொழிலாளிக்குப் பயிற்சி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அக்காவின் முகம் வெளிறியது. இப்படியே விட்டால் முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. ஒடிசாக்காரர் சொல்ல மாட்டார். நானும் சொல்லாமல் இருந்துவிட முடியும். ஆடிட்டர் எழுதிய பக்கத்தைத் திருப்பும் வரைக்கும் நான் சும்மாதான் நின்றேன்.

"அது என்னுதுங்க சார்" என்றேன்.

பேனா நின்றது.

"கம்பெனி வேலைக்கு இல்லீங்க. என்னோட சொந்த வேலைக்கு. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க."

என்ன வேலை என்று கேட்டார். சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியதால், வெளியே வந்து என் டேபிள் டிராயரைத் திறந்து, பஞ்சில் சுற்றி வைத்திருந்த பூதத்தை எடுத்துக் கொடுத்தேன். திறந்த வாயில் மூன்று பச்சை இழைகள் தொங்கின. ஆடிட்டர் அதை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மொதலாளி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரெசினா?"

"ஆமாங்க சார்."

"கிளவுஸ் போட்டுத்தானே செய்றீங்க?"

அவர் பொம்மையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். விரல் நுனிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் உண்மையில் பயந்திருந்தேன். விரல்கள் உரிய ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் பார்த்தது அக்காதான். எதனால் என்று கேட்டார். "எமல்ஷனா இருக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா அதை அப்படியே நம்பி, வழக்கமாக எமல்ஷன் தருகிற வீரபாண்டிக் கடைக்காரரிடம் சண்டை போட்டு, அவர் சரக்கை நிறுத்தி, வேறு இடத்தில் வாங்க வைத்தார். அதன் பிறகும் என் விரல் ஆறவில்லை. ரெசின் புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் எச்சரிக்கை இருந்தது. ஒருமுறை பாதி வரை படித்தேன். மீதியைப் படிக்கவில்லை.

"ரெண்டு மாசமாங்க சார்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்ப எமல்ஷன் இல்லீங்களா?"

ஐந்து வருடத்தில் அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

அறிக்கையில் ஒரு குறை பதிவாயிற்று. ஒரு மாதம் கழித்து மறுசோதனை. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. மாலையில் மொதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்றுதான் போனேன்.

"ஊட்டுல என்ன வேணா பண்ணுங்க. இங்க வேண்டாமுங்க" என்றார். பேப்பர் வெயிட்டை உருட்டிவிட்டு, "அந்த ஆள நான் திட்டிப்போட்டேன். எனக்கே ஒரு மாதிரியா இருக்குது. நான் வருத்தம் சொல்லிக்கறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

நான் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒடிசாக்காரர் ஸ்கிரீனைக் கழுவிக்கொண்டே பேசினார். "மேடம், நீங்க செய்றது நான் டெய்லி பாத்தேன். நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல."

அக்கா அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போனார். கேட்டதற்குப் பதில், கேட்ட ஃபைல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் என் டேபிளுக்கு வந்தார். "சாயங்காலம் வீரபாண்டி போகோணும். வாங்க."

எமல்ஷன் கடைக்காரர் எங்களுக்கு நாற்காலி போட்டார். அக்கா உட்காரவில்லை. "உங்க சரக்குல தப்பில்லீங்க. நான்தான் விசாரிக்காம சொல்லிப்போட்டேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். மீதியை நான் சொல்ல வேண்டியிருந்தது. பொம்மை, ரெசின், பொய் எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைக்காரர் கல்லாப்பெட்டியின் மூடியைச் சாத்தினார். "நீங்க சொன்ன நாள்ல இருந்து, இங்க கலக்கற ஆளுக எல்லாத்தையும் தெனமும் வரிசையா நிக்க வெச்சு கையப் பாத்தனுங்க" என்றார். "யாருக்காவது உரியுதான்னு. ராத்திரி தூக்கமில்லீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. "டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறனுங்க" என்றார் அக்கா.

தோல் டாக்டர் என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பு ரெசினைப் பகையாக எடுத்துக்கொண்டுவிட்டது, இனி ஒரு சொட்டு பட்டாலும் திரும்ப வரும், சாதாரணக் கையுறையை நம்ப வேண்டாம் என்றார். அக்கா அதையெல்லாம் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மிச்சமிருந்த ரெசினை என் கணவர் மொட்டை மாடி வெயிலில் வைத்தார். கல்லாக இறுகிய பிறகே தூக்கிப் போட்டார்.

இப்போது தண்ணீரில் கரையும் பளபளப்புப் பசையில்தான் கோழை செய்கிறேன், வீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. இழை அவ்வளவு நீளமாக இழுபடுவதில்லை. காய்ந்ததும் லேசாக மங்கிப்போகிறது.

அக்கா என்னிடம் பேசுகிறார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை செக்‌ஷன் செக்‌ஷனாகச் சோதனைக்கு வரும்போது, முதலில் என் டேபிளுக்கு வந்து நிற்கிறார். அவர் கேட்பதற்கு முன்னால் நான் டிராயரை இழுத்துத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறேன். அவர் உள்ளே கையை விட்டு, கடைசி வரை தடவிப் பார்க்கிறார்.